அவன் அப்படிப்பட்டவன் இல்லையே!

ஆண்டுக்கணக்கில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்களின் ரசிகர்கள் எங்கே கூடினாலும் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: “அவன் அப்படிச் செய்கிற ஆளே இல்லையே!” தொடர் எந்த மொழியில் இருந்தாலும் கோபம் இந்த வடிவில்தான் வெளிப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதற்குப் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. பிடித்த ஜோடியைப் பிரித்துவிட்டார்கள், அதனால் புலம்புகிறார்கள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் கணிப்பு தவறு. பிடித்த ஜோடி பிரிந்தபோது அழுதுவிட்டு, அதே தொடரை இன்றும் கொண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர். பிரிவுக்குக் கதைக்குள் நியாயம் இருந்தால் ரசிகர் மனம் ஒப்பிவிடுகிறார். அந்தப் பாத்திரம் இதுவரை பட்டது, கற்றது, வாயால் சொன்னது எதுவுமே இன்றைய காட்சியில் ஒரு பொருட்டில்லை என்று ஆகும்போதுதான் அவருக்குப் பொறுமை போகிறது.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ஜேமி லானிஸ்டரை எடுத்துக்கொள்வோம். காவல் காக்க வேண்டிய மன்னனையே கொன்றவன் என்று ஊரே தூற்றும் வீரன். மூன்றாவது சீசனில் ஒரு வெந்நீர்க் குளத்தில் அமர்ந்தபடி பிரையன் என்ற வீராங்கனையிடம் உண்மையைச் சொல்கிறான். மன்னன் நகரத்தையே எரிக்கத் துணிந்திருந்தான், அங்கே வாழும் மக்களைக் காப்பாற்றத்தான் வாளை உருவினேன் என்கிறான். அதுவரை அவனை வெறுத்த பார்வையாளர்கள் அந்த ஒரு காட்சியில் மனம் மாறினார்கள். அதன்பிறகு வந்த அவனுடைய பயணம் முழுவதும் அந்த அஸ்திவாரத்தின் மேல்தான் நின்றது. எட்டாவது சீசனில் அவனே பிரையன்னுக்கு வீரப் பட்டம் சூட்டுகிறான், அவளோடு ஓர் இரவைக் கழிக்கிறான், பிறகு அவளை அழவிட்டுத் தன் சகோதரி செர்சியிடமே திரும்பிப் போகிறான். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பழைய பிடியிலிருந்து மீள முடியாதவர்கள் உலகில் உண்டு. ஆனால் கடைசிக்கு முந்தைய எபிசோடில், அந்த நகரத்து மக்களைப் பற்றி எனக்கு ஒருபோதும் அக்கறை இருந்ததில்லை என்று தன் தம்பியிடம் சொல்கிறான். எந்த மக்களுக்காகத் தன் மானத்தையே இழந்தானோ, அந்த மக்களைப் பற்றி! அந்த சீசனையே மறுபடி எடுக்க வேண்டும் என்ற மனுவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அந்தக் கோரிக்கை நடக்காத காரியம்தான். ஆனால் அதன் பின்னால் இருந்த மனக்குறையை வெறும் ஜோடிப் பைத்தியம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

எழுதுகிறவர்களின் சோம்பல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தொடர்கள் உருவாகும் விதத்திலேயே இந்த மறதிக்கு இடம் இருக்கிறது. நாவலாசிரியருக்குத் தன் கதை எங்கே முடியும் என்று ஓரளவு தெரியும். தொலைக்காட்சித் தொடரை எழுதுகிறவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருக்கு இல்லை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களின் பழைய கணக்கில் ஒரு சீசனுக்கு 22 முதல் 24 எபிசோடுகள். மறு ஒளிபரப்பு உரிமையை உள்ளூர் நிலையங்களுக்கு விற்க வேண்டுமானால் சுமார் 100 எபிசோடுகளாவது கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கமான இலக்கு. ஆக, கதையின் முதல் கடமை முடியாமல் இருப்பது. முதன்மை நடிகர்கள் தொடக்கத்திலேயே ஆறேழு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். அது முடியும் நேரத்தில் சிலர் சம்பளத்தை உயர்த்திக் கேட்கிறார்கள், சிலர் விலகிவிடுகிறார்கள். எழுத்தாளர்களும் அப்படியே. ஐந்தாவது சீசனுக்கு வரும்போது, முதல் சீசனை எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லாமல் இருக்கலாம். விளம்பரக் கட்டணத்துக்கு அடிப்படையாகும் பார்வையாளர் கணக்கெடுப்பு நவம்பர், பிப்ரவரி, மே மாதங்களில் விரிவாக நடந்த காலத்தில், கல்யாணமும் துப்பாக்கிச்சூடும் மாறி மாறி அந்த மாதங்களிலேயே வந்தன.

தினசரித் தொடர்களில் நெருக்கடி இன்னும் மோசம். அங்கே வாராவாரம் வரும் டிஆர்பி எண்தான் எஜமான். எண் இறங்கினால் கதை திரும்பும். நேற்று நல்லவளாக இருந்த நாத்தனார் அடுத்த வாரம் விஷம் கலப்பாள். துருக்கியத் தொடர்களில் வாரம் ஓர் எபிசோடுதான், ஆனால் அது பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும். ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்ததை எழுதியாக வேண்டும். இப்படிப்பட்ட வேகத்தில், நாற்பது வாரத்துக்கு முன் அவள் அம்மாவிடம் என்ன சத்தியம் செய்தாள் என்று புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்?

பார்வையாளருக்கு அது நினைவில் இருக்கிறது. சிக்கல் முழுவதும் இங்கேதான். எழுத்தாளர் அறைக்கு வந்து போகிறவர்களைவிட, முதல் நாளிலிருந்து பார்த்துவரும் ரசிகருக்குத் தொடர் நன்றாகத் தெரியும். இணையவழி ஒளிபரப்பு வந்தபின் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. ஏழு ஆண்டுகள் ஓடியதை இன்று ஒருவர் மூன்றே வாரத்தில் பார்த்து முடிக்கிறார். எழுதியவருக்கு ஐந்து ஆண்டுக்கு முந்தைய வசனம், இவருக்குப் போன செவ்வாய்க்கிழமை கேட்ட வசனம். முரண்பாடு ஒளிந்துகொள்ள இடமே கிடைப்பதில்லை.

காதல் கதைகளில் இந்த நோய் முற்றிப்போவதற்குத் தனிக் காரணம் உண்டு. காதலர்கள் சேர்ந்துவிட்டால் தொடர் செத்துவிடும் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அதற்கு எப்போதும் சாட்சியாக நிறுத்தப்படுவது 1985 முதல் 1989 வரை ஓடிய ‘மூன்லைட்டிங்’. துப்பறியும் நிறுவனம் நடத்தும் மேடியும் டேவிட்டும் சண்டையும் சரசமுமாக மூன்று சீசன்களை நகர்த்தினார்கள். 1987 மார்ச்சில் சேர்ந்தார்கள். அதன்பின் தொடர் சரிந்தது. அவர்கள் சேர்ந்ததால்தான் சரிந்தது என்று முடிவு கட்டி, தலைமுறை தலைமுறையாக அதையே ஓதிவருகிறார்கள்.

நடந்ததைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மேடியாக நடித்த சிபில் ஷெப்பர்டு அந்த ஆண்டு இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். டேவிட்டாக நடித்த புரூஸ் வில்லிஸ் ‘டை ஹார்டு’ படப்பிடிப்புக்குப் போனார். இருவரையும் ஒரே காட்சியில் நிறுத்துவதே கடினமாகிவிட்டது. மேடியைச் சிகாகோவில் பெற்றோர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து திரும்பும் ரயிலில் சந்தித்த முன்பின் அறியாத ஒருவனை அவள் மணந்துகொள்கிறாள்! தொடரை உருவாக்கிய கிளென் கார்டன் கேரன் நடுவில் வெளியேறினார். 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. இத்தனையும் சேர்ந்து இடித்த வீட்டுக்கு, இருவரும் கட்டிப்பிடித்தது காரணமாம். காதலர்கள் சேர்ந்தபின் அவர்களை ஒன்றாகக் காட்டவே இல்லை என்பதுதான் அந்தத் தொடரின் கோளாறு. அதிலிருந்து தொழில் கற்றுக்கொண்ட பாடமோ நேர்மாறானது.

அந்தத் தவறான பாடத்தின் விலையைப் பிறகு வந்த எத்தனையோ பாத்திரங்கள் கொடுத்திருக்கின்றன. சேர்க்கக் கூடாது, முழுக்கப் பிரிக்கவும் கூடாது என்றால் என்ன செய்வது? தொலைபேசியில் பாதிப் பேச்சைக் கேட்டுத் தவறாகப் புரிந்துகொள்ள வைக்க வேண்டும். ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடும் விஷயத்தை, அறிவுள்ள இரண்டு பேர் பத்து எபிசோடுகளுக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். எங்கிருந்தோ ஒரு குழந்தை வந்து சேர வேண்டும். ‘கில்மோர் கேர்ள்ஸ்’ ஆறாவது சீசனில், லொரலைக்கும் லூக்குக்கும் நிச்சயம் ஆனபின், லூக்குக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருப்பது தெரியவருகிறது. மகள் வந்ததில் தவறில்லை. ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் ஓடி நின்ற லூக், மணக்கப்போகிறவளிடம் இதை மறைக்கிறான், தெரிந்தபின்னும் அவளை மகளிடம் நெருங்கவிடாமல் ஒதுக்கிவைக்கிறான். ரசிகர்களைச் சுட்டது அந்தக் குழந்தையின் வருகையைவிட லூக்கின் இந்த நடத்தைதான். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது தொடருக்கு. அதற்கு அவனுடைய குணம் பலியானது.

முக்கோணக் காதலில் இன்னொரு மோசடி அடிக்கடி நடக்கும். நாயகி இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு அவளுக்குக் கடினமாக இருந்தால்தான் கதைக்குக் கனம். ஆனால் கடைசி நேரத்தில், நிராகரிக்கப்பட வேண்டியவனை ஒரே வாரத்தில் பொய்யனாகவோ துரோகியாகவோ ஆக்கிவிடுகிறார்கள். அவள் தேர்ந்தெடுக்கத் தேவையே இல்லாமல் போகிறது. இரண்டு ஆண்டுகளாக அவனை நல்லவன் என்று நம்பிய பார்வையாளர் முட்டாளாக்கப்படுகிறார், அவளும் கூடவே சிறுத்துப்போகிறாள். பெண் பாத்திரங்களுக்கு இதில் கூடுதல் அடி. வேலையும் வாதமும் நகைச்சுவையுமாக அறிமுகமானவள், காதல் கதை தொடங்கியதும் தொழிலைத் தொலைத்துவிட்டுக் காத்திருப்பதும் அழுவதுமாக மாறிவிடுகிறாள். அவளுக்கென்று இருந்த தோழிகள்கூட அவனைப் பற்றி விசாரிக்க மட்டுமே வாய் திறக்கிறார்கள்.

நடிகர் விலகுவதால் வரும் சிக்கல் வேறு வகை. அதற்கு எழுத்தாளரைக் குற்றம் சொல்ல முடியாது. விலகியபின் தொடர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘டவுன்டன் ஆபி’யில் டான் ஸ்டீவன்ஸ் விலகியதால் மேத்யூ பாத்திரம் 2012 கிறிஸ்துமஸ் எபிசோடில், மகன் பிறந்த அன்றே, கார் விபத்தில் இறந்தது. பண்டிகை நாளில் இப்படியா என்று கொதித்தார்கள். ஆனால் அடுத்த சீசன் அவன் மனைவி மேரியின் துக்கத்தோடு தொடங்கியது, அவள் மீண்டுவர நேரம் எடுத்துக்கொண்டது. இறந்தவன் இருந்தவன் என்பதைக் கதை மறக்கவில்லை. ‘டல்லஸ்’ தொடரில் நடந்தது இதற்கு எதிர். 1985-இல் பாபி இறந்தான். அவனாக நடித்த பேட்ரிக் டஃபி மறு ஆண்டே திரும்பிவர ஒப்புக்கொண்டார். உடனே, இடைப்பட்ட ஒரு சீசன் முழுவதும், 31 எபிசோடுகளும், அவனை நேசித்த பாமெலா கண்ட கனவு என்று அறிவித்துவிட்டார்கள். ஓராண்டு அவளோடு சேர்ந்து துக்கம் காத்த பார்வையாளரின் கண்ணீரும் கனவுக் கணக்கில் போயிற்று.

நம் பக்கத்து உதாரணம் ‘கியூங்கி சாஸ் பீ கபி பஹு தீ’. 2000-இல் தொடங்கிய அந்த இந்தித் தொடரில் நாயகி துளசியின் கணவன் மிஹிர் இறந்ததும் எழுந்த எதிர்ப்பில், அவன் உயிரோடு திரும்பிவந்தான், நினைவிழந்தவனாக. பிறகு அந்த வேடத்துக்கு வேறு நடிகர்கள் வந்தார்கள், கதை ஒரேயடியாக 20 ஆண்டுகள் தாவியது, துளசி ஒவ்வொன்றையும் தாங்கினாள். முகம் மாறியதைப் பார்வையாளர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினசரித் தொடர் பார்க்கிறவர்கள் அந்த விஷயத்தில் பெருந்தன்மையானவர்கள். முகம் மாறலாம், மனிதன் மாறக் கூடாது.

இவ்வளவும் முடிவு தெரியாமல் எழுதுவதால் வரும் கோளாறுகள். முடிவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ சாட்சி. 2005-இல் தொடங்கிய அந்த நகைச்சுவைத் தொடரில் டெட், தன் பிள்ளைகளை உட்காரவைத்து அவர்கள் தாயைச் சந்தித்த கதையைச் சொல்கிறான். அதற்கு முன்பு அவன் காதலித்தவள் ராபின். பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் கடைசியில் பேச வேண்டியதை 2006 வாக்கிலேயே படமெடுத்து வைத்துவிட்டார்கள். அம்மா இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன, உங்களுக்கு ராபின் அத்தையைத்தான் பிடித்திருக்கிறது, போய்க் கேளுங்கள் என்பது அதன் சாரம். இரண்டாவது சீசனோடு முடிந்திருந்தால் கச்சிதமான முடிவு.

தொடர் ஒன்பது சீசன்கள் ஓடியது. அதற்குள் ராபினுக்கும் டெட்டின் நண்பன் பார்னிக்கும் இடையே காதல் அரும்பி, பார்வையாளர் நம்பும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பெண்களை ஏமாற்றுவதே பொழுதுபோக்காக இருந்த பார்னி, அவளுக்காக மெல்ல மெல்ல மனிதனானான். டெட் ராபினை மனத்திலிருந்து விடுவிக்கும் காட்சிகள் ஒன்றுக்கு இரண்டு தடவை வந்தன. கடைசி சீசன் ஏறக்குறைய முழுவதும் ராபின்–பார்னி திருமண வாரஇறுதியிலேயே நடந்தது. அந்தத் தாய் வேடத்துக்கு வந்த கிறிஸ்டின் மிலியோட்டி, கிடைத்த கொஞ்ச நேரத்திலேயே எல்லோரையும் கவர்ந்துவிட்டார். பிறகு 2014 மார்ச் 31. இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் எடுத்துக்கொண்ட திருமணம் இறுதி எபிசோடில் சில நிமிடங்களில் விவாகரத்தானது. பார்னி பழையபடி பெண்கள் பின்னால் அலைகிறான். பார்வையாளர் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து பார்த்த தாயின் நோயும் மரணமும் சில விநாடிகளில் கடந்துபோகின்றன. டெட் நீல நிறக் கொம்பு வாத்தியத்தோடு ராபின் ஜன்னலுக்குக் கீழே நிற்கிறான், முதல் எபிசோடில் நின்றதுபோல.

எழுதியவர்கள் வாக்குத் தவறவில்லை. 2006-இல் நினைத்ததை அப்படியே நிறைவேற்றினார்கள். ஆனால் அந்த எட்டு ஆண்டுகளில் பாத்திரங்கள் நகர்ந்துவிட்டன. நகர்த்தியவர்களும் அவர்களேதான். பழைய படச்சுருளுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக எல்லோரையும் பிடித்திழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். பிறகு டிவிடி தொகுப்பில் தாய் உயிரோடிருக்கும் மாற்று முடிவையும் சேர்த்துக்கொடுக்க வேண்டிவந்தது. ‘கில்மோர் கேர்ள்ஸ்’ படைப்பாளி ஏமி ஷெர்மன்-பல்லடினோவுக்கும் இதே சறுக்கல். தான் விலகியபின் மற்றவர்கள் முடித்துவைத்த தொடருக்கு 2016-இல் திரும்பிவந்து, நெடுங்காலம் மனத்தில் வைத்திருந்த கடைசிச் சொற்களை எழுதினார். லொரலையின் மகள் ரோரி, தான் கருவுற்றிருப்பதைத் தாயிடம் சொல்கிறாள். கல்லூரி முடித்த இளம்பெண் வாயில் அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். முப்பது தாண்டியவள் வாயில் அந்தச் செய்திக்கு அந்த எடை இல்லை. திட்டம் இருப்பது நல்லதுதான். வழியில் பாத்திரங்கள் சொல்வதைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்தும் பணிவும் வேண்டும்.

சேர்ந்தபின் கதை இல்லை என்பவர்களுக்கு ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ நல்ல பதில். 2006 முதல் 2011 வரை ஐந்து சீசன்கள் எரிக் டெய்லரும் டேமியும் மணமானவர்களாகவே இருந்தார்கள். அவனுக்கு வேலை மாறுகிறது, அவளுக்குப் பதவி உயர்கிறது, யாருடைய வாய்ப்புக்காக யார் இடம்பெயர்வது என்று வாக்குவாதம் வருகிறது. கடைசி சீசனின் பெரிய கேள்வியே அதுதான். இவ்வளவு காலம் கணவன் வேலையைப் பின்தொடர்ந்து வந்த டேமி, இப்போது என் முறை என்கிறாள். முந்தைய நான்கு சீசன்களும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கின்றன. கள்ள உறவு வேண்டியிருக்கவில்லை, விபத்து வேண்டியிருக்கவில்லை.

இதே தொடர்தான் இரண்டாவது சீசனில், லாண்ட்ரி என்ற சாதுவான மாணவனை ஒருவனைக் கொல்லவைத்து, உடலை ஆற்றில் வீசவைத்தது. 2007–08 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்த சீசன் பாதியில் நின்றது. மூன்றாவது சீசனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொலை செய்த பையன் இசைக்குழு நடத்திக்கொண்டிருக்கிறான். ரசிகர்கள் இன்றுவரை அதை விடாமல் கேட்கிறார்கள். நல்ல தொடர் என்பதற்காக விட்டுக்கொடுப்பதில்லை. நல்ல தொடர் என்பதாலேயே வலிக்கிறது.

ரசிகர்களும் எல்லை மீறுகிறார்கள். ஜோடிக்குக் குறுக்கே வந்த பாத்திரத்தில் நடித்த ஒரே குற்றத்துக்காக ஒரு நடிகையை நாள்தோறும் வசைபாடுவது அநாகரிகம். கதையின் மேல் இருக்கும் எந்தக் கோபமும் அதை நியாயப்படுத்தாது. ஆனால் கோபத்தை எங்கே கொண்டுபோவது என்று அறிந்தவர்களும் உண்டு. 2016 மார்ச்சில் ‘தி 100’ தொடரில் லெக்சா, தான் நேசித்த கிளார்க்குடன் முதன்முதலாக ஒன்றுசேர்ந்த சற்று நேரத்தில், கிளார்க்குக்குக் குறிவைத்த குண்டு பட்டுச் செத்தாள். ஒருபாலினக் காதலர்கள் தொலைக்காட்சியில் மகிழ்ச்சியைத் தொட்டவுடன் சாகடிக்கப்படுவது நெடுங்கால வழக்கமாக இருந்ததால், அந்தச் சாவு தற்செயலாகத் தெரியவில்லை. லெக்சாவாக நடித்தவருக்கு வேறு தொடரில் வேலை இருந்தது உண்மை. இப்படித்தான் சாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ரசிகர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்பான டிரெவர் புராஜெக்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். தொடரின் தலைமை எழுத்தாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

மறதி எவ்வளவு தூரம் போகக்கூடும், திருத்திக்கொள்ள எவ்வளவு காலமானாலும் வழி இருக்கிறது என்ற இரண்டுக்கும் அமெரிக்கத் தினசரித் தொடர் ‘ஜெனரல் ஹாஸ்பிட்டல்’ ஒன்றே போதும். 1979-இல் அதன் நாயகன் லூக் (இவன் வேறொரு லூக்) லாராவை வன்புணர்வு செய்தான். பிறகு அந்த ஜோடிக்கு வரவேற்பு கூடியதும், அது வன்புணர்வே இல்லை, மயக்கம், மோகம் என்று தொடர் சொல்லை மாற்றிக்கொண்டது. 1981 நவம்பரில் அவர்கள் திருமணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். பகல்நேரத் தொடர்களின் வரலாற்றில் அது பெருஞ்சாதனை. காதலின் தொடக்கத்தில் என்ன நடந்தது என்று சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1998-இல் தொடர் அதற்குத் திரும்பியது. வன்புணர்வுக்கு ஆளான ஒரு தோழிக்குத் துணைநிற்கும் அவர்கள் மகன் லக்கி, தன் தந்தை தாய்க்குச் செய்ததை அறிகிறான். தந்தையைத் தெய்வமாக நினைத்தவன் முறித்துக்கொண்டு போகிறான். லூக்கும் லாராவும், அதே ஆண்டனி கியரியும் ஜீனி ஃபிரான்சிஸும், அதுவரை மூடிவைத்ததை அதன் சரியான பெயரால் அழைத்துப் பேசுகிறார்கள். திருமணத்தைக் கொண்டாடிய பார்வையாளரும் அந்தப் பேச்சை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகள் தாமதம்தான். ஆனாலும் வாரத்துக்கு ஐந்து நாள் எழுதித் தீர்க்க வேண்டிய தொடர் ஒன்று, தான் எழுதியதைத் தேடிப்போய் எடுத்து, அதற்குப் பொறுப்பேற்றது. ஆண்டுக்கு 22 எபிசோடுகளோ அதற்கும் குறைவாகவோ எழுத, ஓர் அறை நிறைய எழுத்தாளர்களை வைத்திருப்பவர்கள், ‘கில்மோர் கேர்ள்ஸ்’ லூக்கோ லாண்ட்ரியோ ஜேமியோ முன்பு என்ன சொன்னான் என்று பார்க்க நேரமில்லை என்றால், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.